பன்னிரண்டாம் நாள் மழை

நடக்க ஆரம்பித்துப் பதினோரு நாளாயிற்று. அதில் ஒரு தடவைகூட அண்ணியால் தன் நாத்தனாரை எட்டிப் பிடிக்க முடிந்ததில்லை. காலையில் ஒன்றாகத்தான் கிளம்புவார்கள். கால் மணி நேரத்தில் நாத்தனாரின் முதுகுமூட்டை ஏதாவது ஒரு திருப்பத்தில் மறைந்துவிடும். அப்புறம் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு பாறைமேல் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொண்டு, "என்ன அண்ணி, வந்துட்டீங்களா? நான் ஒரு தூக்கம் போட்டு எழுந்தாச்சு" என்பாள். அவள் தூரத்திலிருந்தே "அண்ணீ!" என்று கத்திக் கத்தி, அந்தப் பாதையில் முன்னும் பின்னுமாக நடந்த மற்றவர்களுக்கும் அதுவே பெயராகிவிட்டது. அறுபதைத் தாண்டிய தச்சர் ஒருவர்கூட, தங்குகுடில்களில் பார்க்கும்போதெல்லாம், "வாங்க அண்ணி, அடுப்புப் பக்கம் இடம் இருக்கு" என்றுதான் கூப்பிட்டார்.

அண்ணி நகரப் பேருந்து ஓட்டுகிறவள். பத்தொன்பது வருட சர்வீஸ். நாத்தனார் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். அண்ணியைவிட ஐந்து வயது சின்னவள். முந்நூற்று நாற்பது கிலோமீட்டர் மலைப்பாதை, இருபது நாள். இந்த நடை உண்மையில் அண்ணியும் அவள் கணவரும் சேர்ந்து போட்ட திட்டம். அவர்தான் இரண்டு வருடமாக வரைபடத்தைக் கரைத்துக் குடித்தவர். சமையலறைத் தராசில் காலுறையைக்கூட நிறுத்துப் பார்த்தவர். சுமை குறையட்டும் என்று பல் தேய்க்கும் பிரஷ்ஷின் பிடியைப் பாதியாக அறுத்தவரும் அவர்தான். கிளம்ப மூன்று வாரம் இருக்கும்போது பூப்பந்து விளையாடப் போய் முழங்காலில் ஜவ்வைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றார்.

"லீவு சாங்ஷன் ஆயிடுச்சு. நீ போய்ட்டு வா" என்றார்.

"தனியாவா?"

"தங்கச்சி வர்றேன்னு சொல்றா."

அண்ணிக்கு அதில் அவ்வளவு இஷ்டமில்லை. நாத்தனாரோடு சண்டை என்று எதுவும் கிடையாது. பிறந்தநாள், கல்யாணம் என்றால் பார்த்துக்கொள்வார்கள், நலம் விசாரிப்பார்கள், மீந்ததை டப்பாவில் போட்டுக் கொடுத்தனுப்புவார்கள். இருபத்தைந்து வருடத்தில் ஒரு முழுநாள்கூடத் தனியாக இருந்ததில்லை, அவ்வளவுதான். ஆனால் கிளம்புகிற அன்று, கணவர் ஊன்றுகோலோடு வாசல்வரை நொண்டி வந்து, தங்கை காரில் மூட்டையை வைக்கிற நேரம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "அவளைக் கொஞ்சம் பார்த்துக்கோ. விவாகரத்து முடிஞ்சதுலேருந்து சரியாவே இல்லை. வாயைத் திறந்து சொல்லமாட்டா." அண்ணி தலையாட்டினாள். ஆனால் பார்த்துக்கொள்ள வேண்டியவள் கண்ணில் பட்டால்தானே பார்த்துக்கொள்வதற்கு?

பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்கே மழை பிடித்துக்கொண்டது. தச்சர் குடிலின் கதவைத் திறந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிவிட்டு, "இது விடுற மழை இல்லை" என்றார். அவர் சொன்ன வானிலை இதுவரை நான்கு முறை தப்பியிருந்தது. அன்று பார்த்துப் பலித்தது.

அடுத்த குடில் இருபத்தோரு கிலோமீட்டர். பெரும்பாலும் மரமே இல்லாத மேட்டுநிலம். ஏழு மணிக்குக் கிளம்பினார்கள். எட்டு மணிக்குப் பாதை எது, ஓடை எது என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. தண்ணீரும் அந்த வழியாகத்தான் இறங்கிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு அண்ணியின் பூட்ஸ் அடி வைக்கும்போதெல்லாம் சளக் சளக்கென்று பேச ஆரம்பித்தது. கோல் ஊன்றக் கையைத் தூக்கினால் மணிக்கட்டு வழியாகத் தண்ணீர் முழங்கைவரை உள்ளே போயிற்று. கையைத் தொங்கவிட்டால் விரல் மரத்தது. காற்று வேறு பக்கவாட்டில் அடித்து, இடது காதை மட்டும் குறிவைத்துக் கொண்டிருந்தது. அண்ணி எதையும் யோசிக்காமல் நடந்தாள். நெரிசல் நேரத்தில் பேருந்து ஓட்டுகிற மாதிரிதான்: அடுத்த ஸ்டாப், அதற்கடுத்த ஸ்டாப். முக்கால் மணிக்கு ஒருமுறை, பிடிக்கிறதோ இல்லையோ, இரண்டு பேரீச்சம்பழமும் ஒரு கை வேர்க்கடலையும் வாயில் போட்டுக்கொண்டாள்.

வழக்கமான பாறைகளில் நாத்தனாரைக் காணவில்லை. இந்த மழையில் யார் உட்காருவார்கள் என்று அண்ணி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதினொன்றரை மணி இருக்கும். ஒரு மேட்டைத் தாண்டி இறங்கியபோது, நாற்பது அடி தூரத்தில் நாத்தனார் நின்றுகொண்டிருந்தாள். உட்காரவில்லை, பாதை நடுவில், வந்த திசையைப் பார்த்தபடி நின்றாள். கையுறை மணிக்கட்டின் ஒட்டுப் பட்டையை ஒட்ட முயன்றுகொண்டிருந்தாள். அண்ணி கிட்டே வரும்வரை அவள் தலை நிமிரவில்லை. "அண்ணீ" என்று கத்தவும் இல்லை.

"என்ன, இங்கேயே நின்னுட்டே?"

"இது... ஒட்ட மாட்டேங்குது" என்றாள் நாத்தனார். வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. "வழி இந்தப் பக்கம்தானே?"

கையால் காட்டியது, அவர்கள் காலையில் கிளம்பிய குடிலின் திசை.

டிப்போவில் ஒருமுறை ஒரு டிரைவர் இப்படித்தான் குழறிக் குழறிப் பேசினார். குடித்துவிட்டு வந்திருக்கிறார் என்று எல்லோரும் சிரித்தார்கள். பார்த்தால் அவருக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்கியிருந்தது. ஆம்புலன்ஸ் வந்துதான் கொண்டு போனது. அன்றிலிருந்து யார் பேச்சுக் குழறினாலும் அண்ணி சிரிப்பதில்லை.

"காலையிலேருந்து என்ன சாப்பிட்டே?"

"நின்னா குளிருது. அதான் நிக்கலை. குடில்ல போய்ச் சாப்பிட்டுக்கலாம்."

"ஒண்ணும் சாப்பிடலையா? கையைக் காட்டு."

கை மெழுகு மாதிரி வெளுத்துக் கிடந்தது. உதடு நீலம். ஆனால் நாத்தனார் கையை இழுத்துக்கொண்டு, "நான் நல்லாத்தான் இருக்கேன், அண்ணி. ஆறு கிலோமீட்டர்தான்" என்று திரும்பி, சரியான திசையிலேயே, நடக்க ஆரம்பித்தாள். பத்தடி போனதும் விழுந்தாள். எழுந்தாள். மறுபடி ஐந்தடி. மறுபடி விழுந்தாள். இந்தத் தடவை எழுந்திருக்க அவசரப்படவில்லை.

"போதும். இங்கேயே கூடாரம் அடிக்கிறோம்" என்றாள் அண்ணி.

"இந்தச் சேத்துலயா? உங்களுக்கு எப்பவும் பயம். எல்லாத்துக்கும் பயம்." நாத்தனார் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள், யாரோ மூன்றாவது ஆளிடம் குறை சொல்வது போலிருந்தது. "அண்ணன் பாவம். இருபத்தஞ்சு வருஷமா உங்க ஸ்பீடுலயே நடந்திருக்கான்."

அண்ணிக்குச் சுரீரென்றது. இல்லை என்று சொல்ல முடியாது.

"பாவந்தான்" என்றாள். "இப்போ அந்தக் கோல் ரெண்டையும் என்கிட்ட குடு."

ஒரு மழைக்காலத்தில், பாலத்தின்மேல் தண்ணீர் போகிறது என்று வண்டியை நிறுத்திவிட்டு, உள்ளே அறுபது பேர் திட்டத் திட்ட, சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் அண்ணி. அதே மாதிரி இப்போது நாத்தனாரின் கோல்களைப் பிடுங்கித் தன் மூட்டையில் சொருகிக்கொண்டாள். கோல் போனதும் நாத்தனார் எதிர்க்கவில்லை. அதுதான் அண்ணியை இன்னும் பயமுறுத்தியது. இவள் இவ்வளவு சுலபமாக அடங்குகிற ஆள் இல்லை.

பாதையோரம் ஆள் உயரத்துக்கு ஒரு பாறை இருந்தது. அதன் மறைவில் நாத்தனாரை மூட்டைமேல் உட்கார வைத்தாள். குடில் இல்லாத இரண்டு இரவுகளுக்காக ஒரு கூடாரம் கொண்டுவந்திருந்தார்கள். துணி அண்ணியிடம், கம்பியும் முளையும் நாத்தனாரிடம். இதுவரை ஒரே ஒருமுறைதான் அடித்திருந்தார்கள். அப்போதும் எல்லாவற்றையும் நாத்தனாரே செய்துவிட்டு, "நீங்க ஓரமா நில்லுங்க அண்ணி" என்றிருந்தாள். இப்போது அண்ணி ஒரு கம்பியைச் சொருகினால் இன்னொன்று உருவிக்கொண்டு வந்தது. துணி பாய்மரம் மாதிரிக் காற்றை வாங்கி, அவளையும் சேர்த்து இழுத்தது. வாய்விட்டே திட்டினாள். மழையை, காற்றை, கூடாரக் கம்பெனியை, பூப்பந்து விளையாடப் போன கணவரை.

அந்த நேரம் பார்த்து மேட்டிலிருந்து தச்சர் இறங்கி வந்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. நாத்தனாரை ஒரு பார்வை பார்த்தார். மூட்டையை இறக்கினார். பறந்த மூலையைக் காலால் மிதித்துக்கொண்டு, கையில் அகப்பட்ட கல்லால் முளையை அறைந்தார். வேலை தெரிந்த கை. நாலு அடியில் ஒரு முளை இறங்கியது. ஐந்து நிமிஷத்தில் கூடாரம் நின்றுவிட்டது.

"உள்ள கூட்டிட்டுப் போங்க, அண்ணி. ஈரத்துணி ஒண்ணு மிச்சமில்லாம கழட்டுங்க. என் ஃப்ளாஸ்க்ல டீ இருக்கு. சர்க்கரை தூக்கலாப் போட்டிருக்கேன். டாக்டர் வேண்டாம்னுதான் சொல்றார்."

உள்ளே இரண்டு பேர் படுக்கத்தான் இடம். உட்கார்ந்தால் தலை இடிக்கும். அண்ணி நாத்தனாரின் மழைக்கோட்டைக் கழற்றினாள். அப்போதுதான் பார்த்தாள். இடது தோளிலிருந்து முதுகு பாதிவரை தையல் விட்டுப் பிளந்திருந்தது. உட்பக்கம் ஆஸ்பத்திரிப் பிளாஸ்திரியைக் கட்டம் கட்டமாக ஒட்டியிருந்தாள்; அது ஊறி, உரிந்து தொங்கியது. உள்ளே இருந்த கம்பளி மேல்சட்டை, அதற்குள் பனியன், எல்லாம் பிழிந்தால் ஒரு வாளி தேறும். தோல் மீன் மாதிரிக் குளிர்ந்திருந்தது. பன்னிரண்டு நாளாகத் தனக்கு முன்னால் ஓடிய உடம்பு இதுதானா என்று அண்ணிக்குத் தோன்றியது. இவ்வளவு இளைத்திருப்பாள் என்று அவள் நினைக்கவே இல்லை.

துடைத்து, தன்னிடம் இருந்த உலர்ந்த உடை எல்லாவற்றையும் போட்டுவிட்டு, பாய் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஸ்லீப்பிங் பேக்குக்குள் திணித்தாள். வெளியே பாறை மறைவில் காஸ் அடுப்பைப் பற்றவைத்துத் தச்சர் வெந்நீர் போட்டுக் கொடுத்தார். அதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி, காலுறைக்குள் போட்டு, நாத்தனாரின் நெஞ்சோடு அணைத்து வைத்தாள் அண்ணி.

"கால் ரெண்டையும் நல்லாத் தேய்ச்சு விடுங்க" என்றார் தச்சர் வெளியிலிருந்து.

"தேய்க்கக் கூடாது" என்று ஸ்லீப்பிங் பேக்குக்குள்ளிருந்து குரல் வந்தது. குழறலாகத்தான், ஆனால் அதட்டலாக. "தேய்ச்சா... குளிர்ந்த ரத்தம் உள்ள போகும். தேய்க்காதீங்க."

நீட்டிய கையை அண்ணி பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"பிழைச்சுக்குவாங்க" என்றார் தச்சர். "நான் குடிலுக்கு ஓடறேன். ஆள் அனுப்பச் சொல்றேன்."

அவர் போன பிறகு அண்ணியும் ஈரத்தைக் களைந்துவிட்டு, தன் ஸ்லீப்பிங் பேக்கைப் போர்வை மாதிரி இருவர்மேலும் விரித்து, நாத்தனாரை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். டீயை மூடி மூடியாகக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் நாத்தனாருக்கு நடுக்கம் எடுத்தது. பல் கிடுகிடுவென்று அடித்தது. கூடாரமே சேர்ந்து ஆடியது. அண்ணி பதறி எழுந்தாள்.

"பயப்படாதீங்க. நடுங்கினா நல்லது. நடுக்கம் நின்னு போறதுதான் கெட்டது."

"இவ்வளவு தெரிஞ்சவ இப்படிப் பண்ணுவியா?"

மழை துணிமேல் அரிசி கொட்டுகிற மாதிரி விழுந்துகொண்டிருந்தது.

"அந்தக் கம்பி வேலி ஏறித் தாண்டினோமே, அதுல கோட்டு மாட்டிக்கிச்சு. மூணு நாளாச்சு" என்றாள் நாத்தனார். இப்போது வார்த்தைகள் தனித்தனியாக வந்தன. "சொல்லியிருந்தா, ஊருக்குள்ள இறங்கிப் புதுக் கோட்டு வாங்கிட்டுப் போலாம்னு சொல்லியிருப்பீங்க."

"கண்டிப்பாச் சொல்லியிருப்பேன்."

"ரெண்டு நாள் போயிருக்கும். அண்ணன்கிட்ட நான் வாக்குக் குடுத்துட்டு வந்தேன்."

"என்ன வாக்கு?"

நாத்தனார் தயங்கினாள். "உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னான். கிளம்புறதுக்கு முந்தின நாள் ஃபோன் பண்ணி, 'அண்ணியைப் பத்திரமா, லீவு முடியறதுக்குள்ள கூட்டிட்டுப் போய்ட்டு வா. உட்கார்ந்தே வேலை பார்த்த உடம்பு, மலை பழக்கமில்லை. முன்னாடி போய் வழி பார்த்து வை. கஷ்டமா இருந்தாலும் சொல்லமாட்டா'ன்னான். அதான் நான் முன்னாடி போய்ப் போய்ப் பார்த்து வச்சேன். எங்கேயாவது வழுக்குதா, பாலம் ஆடுதான்னு."

அண்ணி மெதுவாகத் தலையைத் தூக்கினாள். கூடாரத் துணியில் இடித்தது. ஈரம் கழுத்தில் சொட்டியது.

"என்கிட்ட உன்னைப் பார்த்துக்கச் சொன்னார்."

"என்னையா?"

"வாசல்ல வச்சு. 'வாயைத் திறந்து சொல்லமாட்டா'ன்னார்."

பிறகு ஸ்லீப்பிங் பேக் குலுங்க ஆரம்பித்தது. மறுபடி நடுக்கம் என்று நினைத்து அண்ணி கையை நீட்டினாள். நடுக்கம் இல்லை, சிரிப்பு.

"சோஃபாவுல காலை நீட்டிப் படுத்துக்கிட்டு, ரெண்டு பேருக்கும் டியூட்டி போட்டு அனுப்பியிருக்கான் பாருங்க!"

"வரட்டும், இன்னொரு முழங்காலையும் நானே பார்த்துக்கறேன்" என்றாள் அண்ணி. அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து ஓய்ந்தபோது நாத்தனார் அழுதுகொண்டிருந்தாள். அதற்குக் காரணம் குளிரா, களைப்பா, முடிந்துபோன கல்யாணமா என்று அண்ணி கேட்கவில்லை. பேரீச்சம்பழப் பொட்டலத்தைப் பிரித்து ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். ஒன்பது பழம் உள்ளே போயிற்று.

"அண்ணி, நான் ஏதாவது உளறினேனா?"

"வழி தெரியலைன்னே. வேற ஒண்ணும் சொல்லலை."

நாத்தனார் அவள் முகத்தையே பார்த்தாள். அண்ணி பொட்டலத்தின் வாயை ரப்பர் போட்டுக் கட்டுவதில் மும்முரமாக இருந்தாள்.

மூன்றரை மணிக்குக் குடில் பொறுப்பாளர் வந்து சேர்ந்தாள். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்ட கட்டையான பெண்மணி. தோளில் உபரி மழைக்கோட்டு ஒன்றும், பையில் உலர்ந்த கம்பளித் துணிகளும் இருந்தன. நாத்தனாரை ஒரு வாக்கியம் முழுசாகப் பேசச் சொன்னாள். விரலை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலில் தொடச் சொன்னாள். பத்தடி நேராக நடக்கச் சொன்னாள். தியேட்டர் நர்ஸ் மறுபேச்சுப் பேசாமல் எல்லாவற்றையும் செய்து காட்டினாள். மழை தூறலாகிவிட்டிருந்தது. "நடக்கலாம். ஆனா என் பின்னாலதான். யாரும் என்னைத் தாண்டக் கூடாது" என்றாள் பொறுப்பாளர்.

ஆறு கிலோமீட்டருக்கு இரண்டேகால் மணி நேரம் ஆயிற்று. நடுவில் ஓர் ஓடை. மதியம் தச்சர் கடந்தபோது இடுப்புவரை இருந்ததாம், இப்போது முழங்கால். மூன்று பேரும் கையைக் கோத்துக்கொண்டு, பக்கவாட்டில் நண்டு மாதிரி நகர்ந்து கடந்தார்கள். நாத்தனாரின் பிடி வலுவாக இருந்தது. அண்ணி அன்று முதல்முறையாக மூச்சை நிம்மதியாக விட்டாள்.

குடிலில் பெரிய இரும்பு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அதற்குமேல் கட்டியிருந்த கொடியில் எல்லோருடைய காலுறைகளும் தொங்கின. வாசனையைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. தச்சர் தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, "சரி" என்று ஒரே சொல் சொல்லி மறுபடி போய்ப் படுத்துக்கொண்டார். பொறுப்பாளரின் தொலைபேசியில் அண்ணி வீட்டுக்குப் பேசினாள். இரண்டு நாள் தாமதமாகும், டிப்போவுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். ஏன் என்று கணவர் கேட்டார். "உங்க தங்கச்சி சொல்லுவா" என்று நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, சூப் வாங்கப் போனாள். திரும்பி வந்தபோது நாத்தனார் குரல் ஏறியிருந்தது. "நீ பேசாதே. நீ ரெண்டு பேர்கிட்டயும் ஒரே கதையைச் சொல்லியிருக்கே" என்று அண்ணனை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

கதவோரத்தில் ஒரு தடித்த நோட்டு இருந்தது. அடுத்து வருகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று நடக்கிறவர்கள் பாதையின் நிலவரத்தை எழுதி வைப்பது. சூப்பைக் குடித்து முடித்ததும் நாத்தனார் அதை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டாள். விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. பேனாவைக் குழந்தை மாதிரி முழுக்கையால் பிடித்திருந்தாள்.

"மழை பலமா இருந்துச்சுன்னு எழுதிடு, போதும்" என்றாள் அண்ணி.

"அது எப்படி? எங்க தியேட்டர்ல ஒரு பஞ்சு கணக்குல தப்பினாலே எழுதி வைக்கணும், அண்ணி. இல்லேன்னா அடுத்த ஆளும் அதே தப்பைப் பண்ணும்."

அவள் எழுதியதை அண்ணி தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். "மேட்டுநிலத்தில் பதினைந்தாவது கிலோமீட்டர். என் மழைக்கோட்டு கிழிந்திருந்தது. உடன் வந்தவரிடம் மறைத்தேன். காலையிலிருந்து சாப்பிடவில்லை. பேச்சுக் குழறியது எனக்கே தெரியவில்லை. அவர் கண்டுபிடித்து நிறுத்தினார். பாறைக்குப் பின்னால் கூடாரம் அடிக்க இடம் உண்டு. கோட்டு கிழிந்தால் சொல்லிவிடுங்கள்."

"நல்லா எழுதியிருக்கே" என்றாள் அண்ணி.

"கையெழுத்துத்தான் டாக்டர் மாதிரி இருக்கு."

அடுப்பின்மேல் பாத்திரத்தில் சூப் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. பொறுப்பாளர் கரண்டியைத் தூக்கி, யாருக்கு என்பது போல் பார்த்தாள். இருவரும் ஒரே நேரத்தில் கிண்ணத்தை நீட்டினார்கள்.